மவுஸைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. ஒரு கல்லூரிக்கு இணையதளம் கட்டிக் கொடுத்தீர்கள். முதல்வரிலிருந்து மாணவர்கள் வரை எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு ஒரு நாள் பார்வையற்ற மாணவி ஒருவர் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்து, "முதுகலைச் சேர்க்கைக்கான விண்ணப்பம் உங்கள் தளத்தில் எங்கே சார் இருக்கிறது? ஒரு மணி நேரமாகத் தேடுகிறேன்" என்று கேட்டிருக்கிறார். "மெனுவில் மூன்றாவதாகப் பளிச்சென்று இருக்கிறதே, அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? நான் என்ன தப்பு செய்தேன்?" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியில் சாக்குப்போக்கு எதுவும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. உங்களைப் போலத் தளம் கட்டுகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் தனியாகப் பதில் போடாமல் இங்கே எழுதுகிறேன். உங்கள் பெயரையோ ஊரையோ கல்லூரியையோ சொல்ல மாட்டேன்.

முதலில் நான் செய்து பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். மவுஸைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டு உங்கள் தளத்தைத் திறந்தேன். டேப் கீயை மட்டும் தட்டிக்கொண்டே போனேன். முதல் தட்டு கல்லூரிச் சின்னத்தில் நின்றது. அடுத்து ஃபேஸ்புக், யூடியூப் என்று வரிசையாக ஐந்து சின்னங்கள். பிறகு "முகப்பு". பிறகு "துறைகள்". பிறகு நேராகத் "தேர்வுகள்". நடுவில் இருக்க வேண்டிய "சேர்க்கை"யில் டேப் நிற்கவே இல்லை. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு பின்னால் வந்து பார்த்தேன். அப்போதும் அதைத் தாண்டிப் போய்விட்டது. அதற்குமேல் நான் எங்கே இருக்கிறேன் என்று காட்டும் கோடுகூடத் திரையில் இல்லை. ஸ்லைடரின் புள்ளிகள், "மேலும் படிக்க" வரிசை, கேலரிப் படங்கள் எல்லாவற்றையும் கடந்து பக்கத்தின் அடிக்குப் போக 41 தட்டுகள் ஆயின. "சேர்க்கை" கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, கைக்கு எட்டவில்லை.

எனக்குக் கண் தெரியும், ஆகவே என் சோதனை அரைச் சோதனைதான். என் நண்பர் ஒருவர் கல்லூரியில் வரலாறு நடத்துகிறார், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், அவருடைய லேப்டாப்பிலேயே உங்கள் தளத்தைத் திறக்கச் சொன்னேன். அவர் பயன்படுத்துவது என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர். திரையில் உள்ளதைக் குரலாகச் சொல்லும் மென்பொருள், காசு கிடையாது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கினார். இன்னொரு பார்வையற்ற நிரலாளரான ஜேம்ஸ் டே பிறகு அவரோடு சேர்ந்தார். விலை கொடுத்து ஸ்கிரீன் ரீடர் வாங்க முடியாதவர்கள் உலகமெங்கும் அதை நம்பித்தான் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். நம் ஊர்ப் பார்வையற்ற மாணவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயர் உடனே வரும்.

நண்பர் குரலின் வேகத்தைக் கூட்டி வைத்திருப்பார். எனக்கு அது வண்டு ரீங்காரம் போலத்தான் கேட்கும், எனக்காகக் குறைத்தார். உங்கள் பக்கம் இப்படிப் பேசியது: "லிங்க். லிங்க். லிங்க். லிங்க். லிங்க்." ஐந்து சின்னங்களுக்கும் நீங்கள் பெயர் வைக்கவில்லை. அவர் அதில் நேரம் கடத்தவில்லை, ஹெச் கீயைத் தட்டினார். அடுத்த தலைப்புக்குப் போ என்று பொருள். "நோ நெக்ஸ்ட் ஹெடிங்" என்று பதில் வந்தது. டி கீயைத் தட்டினார். பக்கத்தின் அடுத்த பெரும்பகுதிக்குப் போ என்று பொருள். "நோ நெக்ஸ்ட் லேண்ட்மார்க்." பக்கத்தில் உள்ள லிங்க்குகளை எல்லாம் பட்டியலாகக் கேட்டார். அதில் "மேலும் படிக்க" பதினொரு முறை, "இங்கே கிளிக் செய்யவும்" நான்கு முறை. எதைப் படிக்க, எங்கே போக என்று ஒன்றிலும் இல்லை.

கடைசியில் அம்புக்குறி கீயை வைத்துக்கொண்டு வரி வரியாக இறங்கினார். "சேர்க்கை" என்ற சொல் காதில் விழுந்தது. முகம் மலர்ந்து என்டர் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். ஸ்பேஸ் பாரைத் தட்டினார். குரல் மௌனமாக இருந்தது. "இது கதவு இல்லைங்க, சுவரில் வரைந்து வைத்த கதவு" என்றார். அந்த மாணவிக்கும் இதேதான் நடந்திருக்கும், தம்பி. சொல் அவருக்குக் கேட்டிருக்கும். தான்தான் சரியாக இயக்கவில்லையோ என்று நினைத்து ஒரு மணி நேரம் தன்னையே நொந்துகொண்டிருப்பார்.

என்ன நடந்தது என்று உள்ளே பார்த்தேன். "முகப்பு", "துறைகள்" எல்லாம் ஒழுங்கான லிங்க்குகள். "சேர்க்கை"க்குக் கீழே துணை மெனு வேண்டும் என்பதால் அதை மட்டும் வெறும் டிவ் பெட்டியாக வைத்து, மவுஸ் மேலே வந்தால் துணை மெனு இறங்கும்படி சிஎஸ்எஸ்ஸில் எழுதியிருக்கிறீர்கள். மவுஸ் வராதவரைக்கும் விண்ணப்ப லிங்க் மறைந்தே இருக்கும். கண்ணிலிருந்து மட்டுமல்ல, ஸ்கிரீன் ரீடரிடமிருந்தும் முழுக்க மறைந்துவிடும். டிவ்வில் டேப் நிற்காது, என்டருக்கும் அது அசையாது. அந்த இடத்தில் ஒரு பட்டனை வைத்திருந்தால் டேப் தானாக நின்றிருக்கும், என்டரும் ஸ்பேஸும் தானாக வேலை செய்திருக்கும், "சேர்க்கை, பட்டன்" என்று குரலும் சொல்லியிருக்கும். இவை அத்தனையும் ஹெச்டிஎம்எல் இலவசமாகத் தருகிறவை. நாம்தான் அதைக் கழற்றிவிட்டு வெறும் பெட்டியை மாட்டுகிறோம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காகத் தளத்தில் புதிதாக எதையோ சேர்க்க வேண்டும், அது தனிச் செலவு, தனி வேலை என்றுதான் நம் தொழிலில் பலர் நினைக்கிறார்கள். நீங்களும் "அவர்களுக்கென்று தனியாக என்ன வைக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 1991இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் நிக்கோலா பெல்லோ என்ற மாணவி, எல்லா வகைக் கணினியிலும் ஓடட்டும் என்று ஒரு பிரவுசர் எழுதினார். அதில் படம் கிடையாது, மவுஸும் வேண்டாம். ஒவ்வொரு லிங்க்குக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், அந்த எண்ணைத் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். வலை பிறந்த புதிதிலேயே விரல் நுனியால் மட்டும் அதை முழுக்க இயக்க முடிந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு அலங்காரத்தோடும் ஏதோ ஒரு கதவைச் சாத்திக்கொண்டே வந்தோம். ஆகவே உங்கள் வேலையில் பாதி, சாத்தியதைத் திறப்பதுதான்.

"சேர்க்கை"யைப் பட்டனாக மாற்றுங்கள். என்டர் தட்டினால் துணை மெனு திறக்கட்டும், எஸ்கேப் தட்டினால் மூடி, டேப் அதே பட்டனுக்குத் திரும்பி வரட்டும். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை ஏரியா-எக்ஸ்பாண்டட் என்ற குறிப்பால் சொல்லுங்கள். இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதை நிறத்தை மாற்றிக் காட்டியிருக்கிறீர்கள். நிறம் காதுக்குக் கேட்காது, அங்கே ஏரியா-கரண்ட் வேண்டும். இணையத்தில் தேடினால் "ரோல் மெனு" என்று போடச் சொல்லும் பல உதாரணங்கள் கிடைக்கும். தயவுசெய்து அதைப் போடாதீர்கள். அது வேர்டு, எக்ஸெல் போன்ற மென்பொருள்களின் மெனுவுக்கு உரியது. அதைக் கேட்டதும் பயன்படுத்துகிறவர் டேப்பை விட்டுவிட்டு அம்புக்குறிகளை எதிர்பார்ப்பார், உங்கள் மெனுவில் அவை வேலை செய்யாது. சாதாரண நேவ், அதற்குள் ஒரு பட்டியல், பட்டியலுக்குள் லிங்க்குகள், துணை மெனுவுக்குப் பட்டன். ஒரு கல்லூரித் தளத்துக்கு இது தாராளம். போனில் வரும் மூன்று கோடு பட்டனுக்கும் "மெனு" என்று பெயர் வையுங்கள். அது மூடியிருக்கும்போது உள்ளே இருக்கும் லிங்க்குகளில் டேப் போய் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தின் முதல் லிங்க்காக "உள்ளடக்கத்துக்குச் செல்க" என்று ஒன்று வைக்க வேண்டும். கண்ணால் பார்ப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம், டேப் அங்கே வந்ததும் தெரிய வேண்டும். இது ஏன் என்று கேட்பீர்கள். ஒரு புத்தகத்தில் ஒவ்வொரு தாளைப் புரட்டும்போதும் முன்னால் உள்ள பொருளடக்கத்தை முழுக்கப் படித்து முடித்துத்தான் அடுத்த தாளைப் படிக்க முடியும் என்றால் எப்படி இருக்கும்? கீபோர்டை மட்டும் நம்பியிருப்பவருக்கு ஒவ்வொரு பக்கமும் அப்படித்தான் திறக்கிறது. ஒரே ஒரு லிங்க் அந்தத் தொல்லையைத் தீர்க்கிறது.

தலைப்புகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கண் ஒரு பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் மேலே, கீழே, ஓரம் என்று தாவி, பெரிய எழுத்து எது, கட்டம் எது என்று பிரித்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை. ஒரு சொல்லுக்குப் பின் ஒரு சொல் என்று ஒற்றையடிப் பாதையில்தான் அது நடக்கும். அந்தப் பாதையில் தலைப்புகள்தான் மைல்கல். உட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் அமைப்பு ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துவோரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், நீளமான பக்கத்தில் ஒன்றைத் தேடும்போது முதலில் தலைப்புத் தலைப்பாகத் தாவிப் பார்ப்பதாக 71.6 விழுக்காட்டினர் சொன்னார்கள். உங்கள் பக்கத்தில் "சேர்க்கை அறிவிப்பு 2025-26" என்பது கொட்டை எழுத்தில், சிவப்பில், நடுவில் இருக்கிறது. ஆனால் உள்ளே அது தலைப்பே இல்லை, எழுத்தைப் பெரிதாக்கிய வெறும் வரி. அதை ஹெச்2 ஆக்கினால் என் நண்பர் முதல் தட்டிலேயோ இரண்டாம் தட்டிலேயோ அங்கே போய் நிற்பார். எழுத்தின் அளவுக்காகத் தலைப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பக்கத்துக்கு ஒரு ஹெச்1, அதன் பகுதிகளுக்கு ஹெச்2, உட்பகுதிக்கு ஹெச்3. அளவை சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, டேப் எங்கே நிற்கிறது என்று காட்டும் கோடு? அதை நீக்கும் ஒற்றை வரியை உங்கள் சிஎஸ்எஸ்ஸில் பார்த்ததும் எனக்கு வலித்தது. அதே வரியை நானும் வருடக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் "பட்டனைச் சுற்றி நீலக் கோடு வருகிறது, அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள்" என்றார். எடுத்தேன். பிறகு அந்த வரியை என் அடிப்படைக் கோப்பிலேயே சேர்த்துக்கொண்டேன், அது நான் கட்டிய எல்லாத் தளங்களுக்கும் போனது. தசை பலவீனத்தால் மவுஸைப் பிடிக்க முடியாமல் கீபோர்டை மட்டும் பயன்படுத்தும் ஒருவர், நான் கட்டிய தளத்தில் பணம் செலுத்தும் பக்கத்தில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தவறான பட்டனை அழுத்திவிட்டு எனக்குப் போன் செய்தபோதுதான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று புரிந்தது. இருட்டு வீட்டில் ஒருவர் கையிலிருந்த விளக்கை, அழகில்லை என்று நான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். பழைய தளங்களில் எனக்கு உள்ளே நுழைய அனுமதி இருந்தவற்றை எல்லாம் திருத்தினேன். இல்லாதவை இன்னும் அப்படியே இருக்கும். உங்களுக்கு அந்தச் சுமை வேண்டாம். ஃபோகஸ்-விசிபிள் என்று சிஎஸ்எஸ்ஸில் ஒன்று இருக்கிறது. மவுஸால் கிளிக் செய்தால் கோடு வராது, கீபோர்டால் போனால் வரும். 2022 முதல் முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. கோட்டின் நிறத்தைக் கல்லூரி நிறமாகவே வைத்துக்கொள்ளலாம், பின்னணியோடு கலந்துவிடாமல் தடிமனாக இருந்தால் போதும்.

இனி நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல். இது வெளிநாட்டுப் பாடங்களில் கிடைக்காது. உங்கள் பக்கங்கள் தமிழில் இருக்கின்றன, ஆனால் மொழி என்று குறிக்கும் இடத்தில் ஆங்கிலத்தின் குறியீடு இருக்கிறது. டெம்ப்ளேட்டோடு வந்ததை மாற்றவில்லை. ஸ்கிரீன் ரீடர் அந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் பேசுவது என்று முடிவு செய்யும். ஆங்கிலக் குரலிடம் தமிழைக் கொடுத்தால் சில குரல்கள் எழுத்தெழுத்தாகத் தடுமாறும், சில ஒன்றுமே சொல்லாமல் கடந்துவிடும். இரண்டு எழுத்து மாற்றினால் தீர்ந்தது.

அதைவிடப் பெரியது, உங்கள் "அறிவிப்புகள்" பக்கத்தில் பழைய சுற்றறிக்கைகளை ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அவை பாமினி எழுத்துருவில் தட்டியவை. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். "தமிழ்" என்று கண்ணுக்குத் தெரியும் சொல்லுக்கு அடியில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. நண்பரின் லேப்டாப்பில் அந்தப் பக்கம் திறந்ததும் அந்த எழுத்துகள்தான் பொலபொலவென்று கொட்டின. அவர் பேசாமல் பக்கத்தை மூடிவிட்டார். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்தால் முடிகிற வேலை. மாற்றியதை ஒரு முறை கண்ணால் படித்துச் சரிபார்த்துவிடுங்கள், சில எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். மெனுவில் உள்ள விண்ணப்பப் படிவம் ஸ்கேன் செய்த படமாக இருப்பதையும் கவனித்தேன். கதவைத் திறந்துவிட்டு உள்ளே சுவரெழுப்பினாற்போல் அது. எழுத்தாகத் தட்டிய படிவத்தைக் கல்லூரியிடம் கேட்டு வாங்குங்கள்.

பார்வையற்றோரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்துவிட்டேன். என் அம்மாவுக்கு 74 வயது. கண் நன்றாகத் தெரியும், செய்தித்தாள் முழுக்கப் படிப்பார். விரல்களில் நடுக்கம் வந்து மூன்று வருடமாகிறது. மவுஸை ஒரு மெனுவின் மேல் வைத்துத் துணை மெனுவை இறக்குவார், கீழே நகர்த்தும்போது கை ஒரு நூல் அளவு விலகும், மெனு சுருட்டிக்கொண்டு போய்விடும். மறுபடி வைப்பார், மறுபடி போய்விடும். நான்காவது முறை, "எனக்கு இதெல்லாம் வராதுப்பா, நீயே பாரு" என்று எழுந்துவிடுவார். தன்னை மாற்றுத்திறனாளி என்று அவர் நினைத்ததே இல்லை, எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் இல்லை. தட்டினால் திறந்து, மறுபடி தட்டும்வரை திறந்தே நிற்கிற மெனுவில் அவர் தானே வேலையை முடித்துக்கொள்வார். அந்த மாணவிக்காக நீங்கள் வைக்கப்போகும் அதே பட்டன்தான்.

தட்டும் இடங்களும் பெரிதாக இருக்க வேண்டும். உலக வலைக் கூட்டமைப்பு 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகல் நெறிமுறையின் 2.2 பதிப்பு, குறைந்தபட்சம் 24 பிக்சலுக்கு 24 பிக்சல் என்கிறது. சில விலக்குகள் உண்டு. உங்கள் ஸ்லைடர் புள்ளிகள் எட்டு பிக்சல். வாயால் பேசியே கணினியை இயக்குகிறவர்களும் இருக்கிறார்கள். திரையில் "விண்ணப்பம்" என்று தெரியும் பட்டனுக்கு உள்ளே வேறு ஏதாவது பெயர் வைத்திருந்தால், அவர் எத்தனை முறை சொன்னாலும் கணினிக்குப் புரியாது. வெளியே தெரியும் பெயரே உள்ளேயும் இருக்கட்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "கல்லூரி நிர்வாகம் ஒப்புக்கொள்ளாது சார், நேரமும் பணமும் ஆகும் என்பார்கள்." இந்தப் பதில் 25 வருடத்துக்கு முன்பே நீதிமன்றம் போன்ற ஓரிடத்தில் சொல்லப்பட்டு, தோற்றுப்போனது. அந்தக் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2000ஆம் ஆண்டு ஒலிம்பிக் சிட்னியில் நடந்தது. அதற்கான இணையதளத்தை ஐபிஎம் நிறுவனம் கட்டியது. புரூஸ் மகுவையர் என்ற ஆஸ்திரேலியர், பிறவியிலேயே பார்வையற்றவர், பிரெய்ல் புள்ளிகள் எழும்பி இறங்கும் கருவி கொண்டு கணினி பயன்படுத்துபவர், 1999 ஜூனில் மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொடுத்தார். அவர் கேட்டது மூன்றே விஷயம். படங்களுக்கும் பட லிங்க்குகளுக்கும் எழுத்தில் பெயர் வேண்டும். நிகழ்ச்சி அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி வேண்டும். முடிவுகள் வரும் அட்டவணைகளைப் படிக்க முடிய வேண்டும். இரண்டாவதைப் பாருங்கள் தம்பி, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் வழி. உங்கள் மாணவி கேட்டதும் அதுதான்.

ஒலிம்பிக் அமைப்புக் குழு தன் கணக்கைக் காட்டியது: ஓர் ஆள் 368 வேலை நாள் உழைக்க வேண்டும், சுமார் 22 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஆகும். மகுவையரின் பக்கம் சாட்சி சொன்ன நிபுணர்கள், கனடாவின் யுட்டா திரெவிரானஸும் ஆஸ்திரேலியாவின் டாம் வொர்திங்டனும், தளத்தின் அமைப்பைப் பார்த்துவிட்டு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பக்கங்கள் அச்சுகளிலிருந்து பிறக்கின்றன, அச்சுகளைத் திருத்தினால் பக்கங்கள் தாமாகத் திருந்தும், சிறு குழு ஒன்று சில வாரங்களில் முடித்துவிடும் என்பது அவர்கள் வாதம். 2000 ஆகஸ்ட் 24 அன்று ஆணையம் மகுவையருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி, செப்டம்பர் 15க்குள் சரிசெய்யச் சொன்னது. அன்றுதான் ஒலிம்பிக் தொடக்க விழா. அமைப்புக் குழு முழுமையாகச் சரிசெய்யவில்லை. போட்டிகள் முடிந்த பிறகு நவம்பரில் 20,000 டாலர் இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவு வந்தது. பணம் அவருக்குக் கிடைத்தது, அந்தப் பதினாறு நாள் திருவிழா கிடைக்கவில்லை. உங்கள் தளத்தில் அச்சு என்பது ஒரே ஒரு ஹெடர் கோப்பு. அதைத் திருத்தினால் எல்லாப் பக்கங்களின் மெனுவும் ஒரே நேரத்தில் திருந்திவிடும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மெனுவுக்கு ஒரு நாள், தலைப்புகளுக்கும் லிங்க் பெயர்களுக்கும் இரண்டு நாள்.

நிர்வாகத்திடம் பேசும்போது சட்டத்தையும் ஒரு வரி சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டது. அமில வீச்சால் கண் இமைக்க முடியாதவரிடம், வங்கிக் கணக்கு தொடங்க இமைத்துக் காட்டச் சொன்ன செயலியிலிருந்து எழுந்த வழக்கு அது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். ஆனால் எண்ணிக்கையைக் காட்டித்தான் ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. போன் செய்த மாணவி ஒருவர் போதும்.

ஒரு நிறுவனம் உங்களைத் தொடர்புகொண்டு, ஒரு வரி நிரலை ஒட்டினால் ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலிச் சின்னம் வரும், தளம் முழுக்க எல்லோருக்கும் ஏற்றதாகிவிடும், வருடத்துக்கு இவ்வளவு என்று விலை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்குவதும் நிறத்தை மாற்றுவதும் பிரவுசரிலும் கணினியிலும் ஏற்கெனவே இருக்கின்றன. பெயரில்லாத லிங்க்குக்கு அந்தச் சின்னம் சரியான பெயர் வைத்துவிடும் என்று நம்ப முடியாது, உங்கள் டிவ்வின் பின்னால் மறைந்திருக்கும் விண்ணப்பத்தையும் அது கண்டுபிடித்துத் தராது. இப்படி ஒரு கருவியை விற்ற ஆக்சஸிபி என்ற நிறுவனம், எந்தத் தளத்தையும் நெறிமுறைக்கு ஏற்றதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்ததற்காக, அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் நடவடிக்கையில் 2025இல் பத்து லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. அந்த வருடச் சந்தாவைப் பார்வையற்ற ஒருவருக்குச் சம்பளமாகக் கொடுத்து உங்கள் தளங்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர் இரண்டு மணி நேரத்தில் சொல்வதை எந்தக் கருவியும் சொல்லாது.

நீங்கள் ஒருவர்தான் இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று கூசிப் போக வேண்டாம். வெப்எய்ம் வருடா வருடம் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025இல் அவற்றில் 94.8 விழுக்காட்டில் கருவியாலேயே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள் இருந்தன. ஏறக்குறைய 45 விழுக்காட்டுப் பக்கங்களில் பெயரில்லாத லிங்க்குகள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு தளம் வெளியே வந்தால்கூட எனக்கு மகிழ்ச்சி.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் இந்த மாதம் 28 என்று உங்கள் தளத்திலேயே பார்த்தேன். ஆகவே நான் சொன்ன எல்லாவற்றையும் இப்போதே செய்ய வேண்டாம். இன்று இரவு "சேர்க்கை"யை மட்டும் பட்டனாக்கிவிடுங்கள், அறிவிப்பை ஹெச்2 ஆக்கிவிடுங்கள், படிவத்தை எழுத்து வடிவில் ஏற்றிவிடுங்கள். மவுஸைத் தொடாமல் நீங்களே விண்ணப்பத்தைத் திறந்து பாருங்கள். காலையில் என் நண்பர் ஒரு முறை பார்த்துச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் சரி என்றதும் அலுவலகத்திலிருந்து அந்த மாணவியின் எண்ணை வாங்கி நீங்களே கூப்பிடுங்கள். தவறு அவருடையது இல்லை, உங்களுடையது என்று சொல்லுங்கள். அவர் தளத்தைத் திறந்து, படிவம் கிடைத்துவிட்டது என்று சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்